டக்ற் ஏசிக்கு மூன்றாவது தடவையும் காஸ் நிரப்ப வேண்டுமாம்: பிழை உண்மையில் எங்கே?

கோண்டாவில் விடுதிக்காரன் கேட்டது:

வணக்கம்.

கோண்டாவிலில் எட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதி ஒன்றை நானும் மனைவியும் நடத்தி வருகிறோம். வரவேற்பு மண்டபத்துக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் பொதுவாக, 36,000 பீ.ரீ.யூ. டக்ற் ஏசி ஒன்றைச் சீலிங்குக்கு மேல் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெளியே நிற்கும் பெட்டியின் தகட்டில் ஹீற் பம்ப் என்றும், ஆர்-410ஏ காஸ், 3.1 கிலோ என்றும் பொறித்திருக்கிறது. இன்வேர்ட்டர் அல்ல, ஒரே வேகத்தில் ஓடும் கொம்பிறெசர். யாழ்ப்பாணத்தில் சூடாக்கும் ஏசி யாருக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த அளவில் அந்த நேரம் எங்களுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்.

முதல் இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகு, காலையில் போட்டால் பதினொரு மணி வரை ஓரளவு குளிர்கிறது. பகல் ஏற ஏறக் காற்று மெலிந்து, இரண்டு மணியளவில் சாப்பாட்டு மண்டபத்துக் கிரில்லுக்குக் கீழே கையைப் பிடித்தால் மூச்சுவிடும் அளவு காற்றுத்தான் வருகிறது. அந்த நேரத்தில் வெளியே போய்ப் பார்த்தால், பெட்டிக்குள் போகும் தடித்த செம்புக் குழாயின் மேல் வெள்ளையாக ஐஸ் பிடித்திருக்கிறது. நிறுத்திவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சீலிங்கில் உள்ள லைற் துவாரத்தின் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு தடவை ட்ரிப் சுவிட்சும் விழுந்துவிட்டது.

வழமையாக வரும் திருத்துநர் சென்ற ஆண்டு ஒரு தடவையும் இந்த ஆண்டு ஒரு தடவையும் காஸ் நிரப்பினார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நன்றாகக் குளிர்ந்தது, பிறகு பழையபடிதான். இப்போது மூன்றாவது தடவை நிரப்ப வேண்டும் என்கிறார், கொம்பிறெசரும் போகப் பார்க்கிறது என்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லா அறைகளும் பதிவாகிவிட்டன. மண்டபத்தின் கூரையில் உள்ள பில்ரரை எங்கள் பணியாளர் மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவுகிறார். அதில் தவறு இல்லை.

என்னிடம் மல்ரிமீற்றர் ஒன்று இருக்கிறது, ஏணி இருக்கிறது, சீலிங்குக்கு மேல் ஏறவும் பயமில்லை. நானாகவே ஆபத்தில்லாமல் எவற்றைப் பார்க்கலாம், எவற்றைத் தொடவே கூடாது, திருத்துநரிடம் என்ன கேட்க வேண்டும் என்று விபரமறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். றிமோட்டில் சூரியன் படத்துக்கு மாற்றி அரை மணித்தியாலம் ஓடவிட்டால் ஐஸ் உருகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா?


குருநகர் ஏசி வேலைக்காரன் எழுதியது:

வணக்கம். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: காற்று மெலிகிறது. காஸ் குறைந்தாலும் உள்ளே உள்ள கொயிலில், அதாவது காற்றைக் குளிராக்கும் குழாய்ச் சுருளில், ஐஸ் பிடிக்கும், காற்றுக் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் காஸ் சிலிண்டரைத் திறப்பது எங்கள் தொழிலில் மிகப் பரவலான பிழை. கொயிலின் ஊடாகப் போதிய சூடான காற்றுப் போகாவிட்டால், அதற்குள் ஆவியாகும் திரவத்துக்குக் கொடுப்பதற்கு வெப்பம் இல்லை. அமுக்கம் இறங்கி, கொயிலின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் உறைகிறது. உறைந்த ஐஸ் மிச்சக் காற்றையும் மறிக்கிறது. காலையில் நன்றாக இருந்து மத்தியானம் படுத்துவிடுவது இதனால்தான்.

அப்படியானால் காஸ் நிரப்பியதும் ஒரு வாரம் ஏன் குளிர்ந்தது என்று கேட்பீர்கள். திருத்துநர் வந்த நேரம் ஏசி நிறுத்தப்பட்டு ஐஸ் உருகியிருக்கும், அது ஒரு காரணம். கூடுதலாக ஊற்றிய காஸ் கொயிலின் அமுக்கத்தைச் சற்று உயர்த்திவிடும், ஆகவே ஐஸ் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், அது மற்றக் காரணம். நோய் மாறவில்லை, காய்ச்சல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

இனி நீங்கள் மேலே ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவை. றிமோட்டில் நிறுத்துவது நிறுத்துவதே அல்ல. பிறேக்கரை விழுத்திவிட்டு நம்பி ஏறுவதும் போதாது. எங்கள் ஊர் வயறிங்கில் ஒற்றைப் பிறேக்கர் நியூற்றல் கம்பியில் பொருத்தப்பட்டிருப்பதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கே பிறேக்கரை விழுத்தினால் ஏசி நிற்கும், ஆனால் 230 வோல்ற் கம்பியில் அப்படியே இருக்கும். ஆகவே ஏசிக்கென்று தனியாக உள்ள, இரண்டு கம்பியையும் ஒன்றாகத் துண்டிக்கும் ஐசோலேற்றரை நிறுத்துங்கள். அதற்குப் பூட்டுப் போட்டு, திறப்பை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். பிறகு மீற்றரை முதலில் மின்சாரம் உள்ளது என்று தெரிந்த ஒரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், அடுத்து ஐசோலேற்றரில் இருந்து ஏசிக்குப் போகும் முனைகளில் அளந்து பூச்சியம் என்று உறுதி செய்யுங்கள், திரும்பவும் அதே பிளக்கில் வைத்துப் பாருங்கள். செத்துப்போன மீற்றரும் பூச்சியம்தான் காட்டும்.

இன்னொன்று. கரண்ட் நின்ற நேரத்தில் அவசரமாக ஏசிப் பெட்டியைத் திறக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் மின்வெட்டை நம்பி கொன்ராக்ரரில், அதாவது கொம்பிறெசருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சில், கையை வைத்திருந்தேன். தானாக இயங்கும் ஜெனரேற்றர் ஒன்று பின்பக்கத்தில் நின்றது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஸ்குறூடிறைவர் கையில் இருந்து பறந்து போய்ச் சுவரில் பட்டது. வலது பெருவிரலின் நுனி இன்றைக்கும் முழுதாக உணர்வதில்லை. உங்கள் விடுதியில் ஜெனரேற்றர் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

வெளிப்பெட்டியின் மின்பகுதியை நீங்கள் திறக்கவே வேண்டாம். அதற்குள் இருக்கும் கப்பாசிற்றர் மின்னைச் சேமித்து வைக்கும் பொருள், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் தாக்கும். அதைத் தடையி ஒன்றினூடாக வெறுமையாக்கத் தெரிந்தவர்தான் தொட வேண்டும், ஸ்குறூடிறைவரால் குறுக்கே தட்டிப் பொறி பறக்க வைப்பது வீரம் அல்ல. இதை வாசிக்கும் வேறு யாரிடமாவது இன்வேர்ட்டர் வகை இருந்தால் அது இன்னும் மோசம்: அதன் பலகையில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட மின் தேங்கி நிற்கும், நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. கொம்பிறெசரின் மின்முனை மூடியைக் காஸும் மின்சாரமும் உள்ள நிலையில் கழற்றுவதையும் மறந்துவிடுங்கள். முனை பிய்ந்து, எண்ணெயும் காஸும் தீப்பற்றிப் பீறிட்ட விபத்துகள் உண்டு.

சீலிங்குக்கு மேல் ஏறுவதென்றால் விடியற்காலையில் ஏறுங்கள். வெயில் ஏறிய பிறகு ஓட்டுக்குக் கீழே 50 பாகைக்கு மேல் போகும். வியர்த்து வழியும் உடம்பு மின்சாரத்துக்கு நல்ல கடத்தி, தலைசுற்றினால் இறங்கவும் வழியில்லை. மரவளையில் மட்டும் மிதியுங்கள், சீலிங் சீற்றில் ஒரு காலும் வேண்டாம். கூரை அஸ்பெஸ்ரஸ் என்றால் அதைத் துளைக்கவோ தூசு தட்டவோ வேண்டாம். கீழே ஒருவர் நிற்கட்டும்.

மேலே பார்க்க வேண்டியவை மூன்று. கூரைக் கிரில்லில் உள்ள பில்ரரைத் தவிர, ஏசிப் பெட்டியின் வாயிலேயே இரண்டாவது பில்ரர் ஏதும் இருக்கிறதா? கொயிலின் முகத்தில் ரோர்ச் அடித்தால் அலுமினியத் தகடுகளுக்கு இடையே வெளிச்சம் உள்ளே போகிறதா, அல்லது தூசு பாயாக மூடியிருக்கிறதா? வளையும் டக்ற் குழாய்கள் எங்காவது தொய்ந்தோ நசிந்தோ, அணில் கடித்தோ கிடக்கின்றனவா? கீழே இறங்கிய பின், இரண்டு வெப்பமானிகளால் உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து எழுதுங்கள். எங்கள் ஈரப்பதனில் 8 முதல் 11 பாகை வித்தியாசம் இருந்தால் நல்லது. எண்கள் இல்லாமல் மேலே கதைப்பதில் பயனில்லை.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதீர்கள். அது 30 மில்லி அம்பியர் கசிவில் விழுவதற்கென்றே வைக்கப்பட்டது. தண்ணீர் சொட்டும் அந்த லைற்றை இன்றே துண்டித்து விடுங்கள்.


சுன்னாகம் கடைக்காரர் எழுதியது:

எங்கள் கடையிலும் டக்ற் ஏசி இருக்கிறது, சர்வீஸுக்கு வருபவர் ஆண்டுக்கு ஒரு தடவை காஸ் பார்த்துக் கொஞ்சம் விடுவார். வாகனத்துக்கு ஒயில் மாற்றுவது போல இதுவும் வழமைதான் என்று நினைத்திருந்தேன். காஸ் ஓடி ஓடிக் குறையும் என்றும் அவர் சொன்னார். மேலே எழுதியவர் சொல்வதைப் பார்த்தால் அது தேவையே இல்லை என்பது போல இருக்கிறதே?


மெல்பேர்ணில் இருந்து ஒரு கொக்குவிலான் எழுதியது:

சுன்னாகத்து ஐயாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன். காஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. அது அடைத்த செம்புக் குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும் பொருள். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஓட்டை இல்லாவிட்டால் குறையவில்லை. ஒட்டிய மூட்டுகள் உறுதியாக இருந்தால் இருபது வருடமும் அதே காஸில் ஓடும். ஆண்டுதோறும் கொஞ்சம் விடுகிறார் என்றால், ஒன்று அவர் ஓட்டையைத் தேடவில்லை, அல்லது தேவையில்லாமல் நிறைத்துக்கொண்டிருக்கிறார். போதாததற்கு, ஒவ்வொரு தடவை அமுக்க மீற்றரின் குழாயைப் பொருத்திக் கழற்றும்போதும் கொஞ்சம் வெளியே போகிறது. ஆர்-410ஏ காஸின் புவி வெப்பமாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப் போல 2,088 மடங்கு, கோண்டாவில்காரரின் 3.1 கிலோவும் காற்றில் கலந்தால் ஆறரைத் தொன் காபனீரொட்சைட்டை விட்டதற்குச் சமன். நான் வேலை செய்யும் அவுஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் காஸைக் கையாளவே முடியாது.

அமுக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஆர்-22 ஏசிகளில் குளிர்ப்பக்க அமுக்கம் 68 பீ.எஸ்.ஐ. அளவில் நின்றால் அது சரி என்று கைப்பழக்கத்தில் சொல்லும் திருத்துநர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதே 4 பாகை ஆவியாதலுக்கு ஆர்-410ஏயில் ஏறத்தாழ 118 பீ.எஸ்.ஐ. வேண்டும், சூட்டுப்பக்கம் 380 தாண்டுவதும் இயல்பு. ஆகவே ஆர்-22க்கு வாங்கிய மீற்றரும் குழாயும் இதற்கு உதவாது, வெடித்தால் முகத்துக்குத்தான் வரும். அத்துடன் ஆர்-410ஏ இரண்டு வாயுக்களின் கலவை, சரிபாதி ஆர்-32, சரிபாதி ஆர்-125. அதைச் சிலிண்டரில் இருந்து திரவமாக எடுத்து, தராசில் நிறுத்துத்தான் விட வேண்டும். உங்கள் திருத்துநர் தராசு கொண்டுவந்தாரா என்று முதலில் கேளுங்கள். திரவம் தோலில் பட்டால் எரிவு போலக் கொப்பளிக்கும், ஏனென்றால் அது கொதிப்பது மறை 51 பாகையில். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஒருவர் குழாயைக் கழற்றினால் அவருக்காக நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இனி ஹீற் பம்ப் சங்கதி. மெல்பேர்ணில் யூலை மாதக் காலையில் வெளியே 5 பாகை இருக்கும், அதே ஏசிதான் வீட்டைச் சூடாக்கும். வெளிப்பெட்டிக்குள் நான்கு வாய் கொண்ட ஒரு வால்வு இருக்கிறது. அது திரும்பினால் உள்ளே உள்ள கொயில் சூடாகவும் வெளியே உள்ளது குளிராகவும் மாறிவிடும். இங்கே குளிர்காலத்தில் வெளிக்கொயிலில் பனி பிடிப்பதும், அதை உருக்க ஏசி தானாகவே சில நிமிடம் திரும்பி ஓடிப் புகை போல ஆவி விடுவதும் அன்றாடக் காட்சி, பழுது அல்ல. கோண்டாவிலில் உங்களுக்கு அது ஒருநாளும் வராது. ஆனால் அந்த வால்வு உங்கள் ஏசியிலும் இருக்கிறது, அது பாதியில் சிக்கிக்கொண்டால் சூட்டுப்பக்கக் காஸ் நேரே குளிர்ப்பக்கத்துக்குள் கசியும்: குளிர்ப்பக்க அமுக்கம் கூடி, சூட்டுப்பக்கம் குறைந்து, கொம்பிறெசர் தேய்ந்துபோனது போலவே தோன்றும். கொம்பிறெசரை மாற்று என்று யாராவது சொன்னால், வால்வுக்குள் போகும் குளிர்க் குழாயையும் வெளியே வரும் குளிர்க் குழாயையும் வெப்பமானியால் அளந்தீர்களா என்று கேளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் விடயத்தில் ஐஸ் பிடிக்கிறது, அதாவது குளிர்ப்பக்க அமுக்கம் தாழ்ந்திருக்கிறது. ஆகவே வால்வின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, கொம்பிறெசரின் மேலும் இல்லை.

சூரியன் படத்துக்கு மாற்றினால் ஐஸ் உருகும் என்பது உண்மைதான். ஆனால் செய்யாதீர்கள். இத்தனை ஐஸும் சில நிமிடத்தில் உருகினால் கொயிலுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டு தாங்காது, ஏற்கெனவே சொட்டும் இடத்தில் ஊற்றும். விசிறியை மட்டும் ஓடவிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் பொறுங்கள். திருத்துநர் அமுக்க மீற்றரைப் பொருத்தியிருக்கும் நேரத்தில் யாராவது றிமோட்டில் சூட்டுக்கு மாற்றுவது அதைவிட ஆபத்து. குளிர்ப்பக்கக் குழாய் என்று அவர் நம்பியிருந்த தடித்த குழாயில் சூட்டுப்பக்க அமுக்கம் ஏறிவிடும். றிமோட்டையும் உங்கள் பையிலேயே வைத்திருங்கள்.

கடைசியாக, பழைய காஸ் கிடைக்கவில்லை என்று சொல்லி, எரியக்கூடிய வேறு காஸை உங்கள் ஏசிக்குள் விட யாரையும் அனுமதிக்க வேண்டாம். அந்தக் காஸுக்கென்று வடிவமைத்த ஏசிகள் வேறு. சீலிங்குக்கு மேல் கசிந்து தேங்கும் வாயுவும், அங்கேயே பொறி பறக்கும் ஒரு சுவிட்சும் இருந்தால் போதும்.


கோண்டாவில் விடுதிக்காரன் எழுதியது:

ஒன்பது நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் ஐசோலேற்றர். எங்கள் ஏசிக்கு அப்படி ஒன்றே இருக்கவில்லை. மின்வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்து இரண்டு கம்பியையும் துண்டிக்கும் ஒன்றை வெளிப்பெட்டிக்கு அருகில் போடச் செய்தேன். அவர் சொட்டிய லைற்றின் மூடியைக் கழற்றியபோது, கம்பி இணைப்பு முழுவதும் பச்சையாகக் களிம்பு பிடித்து, மூடிக்குள் ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றது. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததற்கு ஏசி காரணமில்லை, அதிலிருந்து வடிந்த தண்ணீர்தான் காரணம்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு மேலே ஏறினோம். குருநகர் அண்ணா சொன்னபடியே, பெட்டியின் வாயில் இரண்டாவது பில்ரர் ஒன்று இருந்தது. பொருத்தியவர்கள் எங்களிடம் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான்கு ஆண்டாக ஒருவர் கையும் படாமல் இருந்திருக்கிறது. வெளியே இழுத்தபோது அது பில்ரராகத் தெரியவில்லை, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல இருந்தது. துவாய்களையும் படுக்கை விரிப்புகளையும் மண்டபத்துக்கு அருகில்தான் உதறி மடிக்கிறோம், அந்தப் பஞ்சு முழுவதும் அங்கே சேர்ந்து, சோளகக் காற்றில் வந்த செம்மண் தூசு அதன்மேல் படிந்து, விரலால் தள்ளினால் பாயாக உரிந்து வந்தது. சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் டக்ற் குழாயின் மேல், தண்ணீர்த் தொட்டிக்கு வேலை செய்தவர்கள் விட்டுப்போன பலகை ஒன்று கிடந்து, குழாயைப் பாதிக்கு நசித்திருந்தது.

பில்ரரைக் கழுவி, பலகையை எடுத்துவிட்டு ஓடவிட்டோம். முன்பு உள்ளே போகும் காற்று 29 பாகையும் வெளியே வருவது 24 பாகையுமாக இருந்தது, காற்றும் மெலிவு. இப்போது 28 உள்ளே, 18 வெளியே. மேசைத் துணி பறக்கும் அளவுக்குக் காற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்து மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளிப்பெட்டி நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஓடி, மீண்டும் நின்றது.

வேறொரு திருத்துநரை அழைத்தேன். அவர் தராசோடும், காஸை வெளியே விடாமல் உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தோடும் வந்தார். சூட்டுப்பக்க அமுக்கம் எல்லையைத் தாண்டி, பாதுகாப்புச் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது. உள்ளே இருந்த காஸ் முழுவதையும் எடுத்து நிறுத்தால் 3.7 கிலோ. தகட்டில் 3.1. எங்கள் குழாயின் நீளத்துக்கு மேலதிகம் எதுவும் தேவையில்லை. அப்படியென்றால் இரண்டு தடவையும் நிரம்பிய குடத்தில்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

காஸ் முழுவதும் வெளியே இருந்த நேரத்தில் ஓட்டையையும் பார்த்துவிடுவோம் என்று, றெகுலேற்றர் வைத்து நைதரசனை 400 பீ.எஸ்.ஐ. வரை ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிவிட்டு இரவு முழுவதும் விட்டார். மறுநாள் விடிய மீற்றர் 393 காட்டியது. எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, நேற்று மாலை 31 பாகை, இப்போது 26 பாகை, வாயு குளிர்ந்தால் இவ்வளவு இறங்கத்தான் வேண்டும் என்றார். மத்தியானம் வெயில் ஏறியதும் மீற்றர் 400க்குத் திரும்பியது. ஓட்டை எங்கும் இல்லை. பிறகு வெற்றிடப் பம்பியால் குழாய்க்குள் அமுக்கத்தை 500 மைக்குறோனுக்குக் கீழே, அதாவது கிட்டத்தட்ட முழு வெற்றிடத்துக்கு, இறக்கி, பம்பியை நிறுத்தி அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, 3.1 கிலோவைத் தராசில் நிறுத்து உள்ளே விட்டார். எடுத்த காஸ் சுத்தமாக இருந்ததால் அதையே திரும்பப் பயன்படுத்தினார். மிச்சத்தைத் தன் சிலிண்டரில் வைத்துக்கொண்டார்.

இப்போது எட்டு மணித்தியாலம் தொடர்ந்து ஓடியும் குழாயில் ஐஸ் இல்லை, தண்ணீர் முத்து முத்தாக வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஐஸ் இல்லாவிட்டாலும் நேற்று மாலை தட்டில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. ஏசியை நிறுத்தியதும் மடமடவென்று வடிந்துவிட்டது. ஏன்?


குருநகர் ஏசி வேலைக்காரன் எழுதியது:

நல்ல திருத்துநர் கிடைத்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். அந்த நைதரசன் விடயத்தை இங்கே எழுதியதும் நல்லது. நைதரசனுக்குப் பதிலாக ஒட்சிசன் சிலிண்டரை மாட்டிப் பரிசோதிக்கும் மடத்தனம் இன்னமும் நடக்கிறது. கொம்பிறெசர் எண்ணெயோடு ஒட்சிசன் அமுக்கத்தில் சேர்ந்தால் அது குண்டு. றெகுலேற்றர் இல்லாமல் நைதரசனைத் திறப்பதும் அதற்குக் குறைந்ததல்ல.

தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் விசிறி கொயிலுக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கிறது. ஆகவே தட்டு இருக்கும் இடத்தில் வெளியைவிட அமுக்கம் குறைவு. வடிகுழாயில் யூ வடிவ வளைவு இல்லாவிட்டால், விசிறி ஓடும் வரை குழாயின் வழியாகக் காற்று உள்ளே இழுபடும், தண்ணீர் இறங்காது. விசிறி நின்றதும் மடமடவென்று இறங்கும். நீங்கள் எழுதியது அப்படியே அதுதான். முன்பு தண்ணீர் ஐஸாக உறைந்து நின்றதால் இது தெரியாமல் இருந்திருக்கிறது. பெட்டியை ஒட்டி யூ வளைவு ஒன்று போட்டு, அதன் வாயில் கழற்றும் மூடி வைத்து, அங்கிருந்து குழாய் முழுவதும் மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிந்து போகட்டும். முடிந்ததும் தட்டில் இரண்டு லீற்றர் தண்ணீரை ஊற்றி, ஏசி ஓடும்போதே வடிகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குக் கீழே இரண்டாவது தட்டும், அதில் தண்ணீர் ஏறினால் ஏசியை நிறுத்தும் மிதவைச் சுவிட்சும் வைத்தால் சீலிங் பிழைக்கும், விலை பெரிதல்ல.

வடிகுழாயில் பாசி பிடித்தால் வினாகிரி போதும். குளோறின் வேண்டாம், அது செம்பையும் அலுமினியத்தையும் தின்னும். கொயிலைக் கழுவ அமிலக் கலவை கொண்டுவருபவரையும் திருப்பி அனுப்புங்கள். வெளிப்பெட்டியின் தகடுகளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஐசோலேற்றரை நிறுத்திவிட்டு, மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். காரோட்டிகள் கழுவும் அமுக்கக் குழாய் தகடுகளை மடித்துவிடும். கோண்டாவிலில் உங்களுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, ஆனாலும் சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர், வெயிலில் காயவிட்டால் வெள்ளையாகப் படியும். மாலையில் கழுவுங்கள், மாரியில் சேர்த்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது. குருநகர்ப் பக்கம் கடற்காற்றில் மூன்று வருடத்தில் தகடுகள் உதிர்ந்துபோன பெட்டிகளை நான் மாற்றியிருக்கிறேன். அவற்றைச் சவர்த் தண்ணீரால் கழுவி, சுத்தமாக வைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

கூடுதல் காஸோடு இவ்வளவு காலம் உழைத்த கொம்பிறெசர், ஆகவே அடுத்த தடவை அந்தத் திருத்துநர் வரும்போது கப்பாசிற்றரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் உடம்பில் எழுதிய அளவுக்கு நூற்றுக்கு ஐந்து ஆறு வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். கொன்ராக்ரரின் முனைகளுக்கு இடையே எறும்பு செத்துக் கருகியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும், உங்கள் செம்மண் வளவில் அது நிச்சயம் இருக்கும். பல்லி போகும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

துவாய் உதறும் இடத்தைக் குசினிப் பக்கத்து விறாந்தைக்கு மாற்ற முடியுமா என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது பில்ரரை இனி மாதம் ஒரு தடவை கழற்ற யார் மேலே ஏறுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏறாமலே கழற்றுவதற்கு, அதற்கு நேர் கீழே சீலிங்கில் ஒரு கதவு வெட்டலாம். அரை நாள் தச்சுவேலை.


கோண்டாவில் விடுதிக்காரன் எழுதியது:

கதவுக்கு இன்று அளவு எடுத்தாகிவிட்டது. யூ வளைவு போட்டு இரண்டு லீற்றர் ஊற்றினேன். விசிறி ஓடும்போதே வடிந்தது. துவாய் உதறும் இடத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.